ராக் பாட்டு, ஜாஸ் வேட்டு: உங்களுக்குத் தெரியுமா?

ராக் மேடையில் எல்லாக் கண்ணும் பாடகர் மேல்தான். பின்வரிசையில் நின்று வாசிக்கிறாரே ஒருவர், அவரை யார் பார்க்கிறார்கள்? நான் பார்த்தேன்! இந்தப் பக்கவாத்தியக்காரர்கள் செய்திருக்கும் வேலை இருக்கிறதே... உலகமே கூடச் சேர்ந்து பாடும் ராக் பாட்டுகளை எடுத்து, ஜாஸாகப் புரட்டிப் போட்டிருக்கிறார்கள்! அள்ளிக்கொண்டு வந்திருக்கிறேன். பிடியுங்கள்!

ஸ்டோன்ஸ் கூடாரத்திலிருந்து...

★ டிம் ரீஸ். 1999 முதல் ரோலிங் ஸ்டோன்ஸ் சுற்றுப்பயணங்களில் சாக்ஸபோன் வாசித்தவர். முதலாளிகளின் பாட்டுகளையே எடுத்து ஜாஸாக மாற்றினார். 2005-ல் 'தி ரோலிங் ஸ்டோன்ஸ் புராஜெக்ட்' என்று ஆல்பமாகவும் போட்டார். முதலாளிகள் கோபித்தார்களா? கீத் ரிச்சர்ட்ஸ், ரானி வுட், சார்லி வாட்ஸ் மூன்று பேரும் வந்து அதில் வாசித்துக் கொடுத்துவிட்டுப் போனார்கள்!

★ அதே ஆல்பத்தில் 'வைல்ட் ஹார்சஸ்' பாடியிருப்பவர் யார்? நோரா ஜோன்ஸ். சிதார் மேதை ரவிசங்கரின் மகளேதான்!

★ ஒன்றோடு விட்டாரா ரீஸ்? 2008-ல் அடுத்த ஆல்பம். ஸ்டோன்ஸ் குழுவோடு நாடு நாடாகச் சுற்றும்போதே ஆங்காங்கே இருந்த கலைஞர்களைப் பிடித்துப் பதிவு செய்துவிட்டார். ஒரு சிடியில் அடங்கவில்லை. இரட்டை சிடி!

★ இதற்கெல்லாம் முன்னோடி ஒருவர் உண்டு. கிட்டார் மேதை ஜோ பாஸ். 'தி ஸ்டோன்ஸ் ஜாஸ்' என்று அவர் ஆல்பம் போட்ட ஆண்டு 1966. ரீஸுக்கு 39 ஆண்டு முந்திவிட்டார்!

★ டாரில் ஜோன்ஸ். 21 வயதில் மைல்ஸ் டேவிஸ் குழுவில் பேஸ் கிட்டார் வாசித்தவர். 1994 முதல் ஸ்டோன்ஸ் குழுவின் பேஸ் அவர் கையில்தான். முப்பது ஆண்டு ஓடிவிட்டது. இன்றுவரை அதிகாரபூர்வ உறுப்பினர் கிடையாது!

★ அவரைத் தேர்ந்தெடுத்தது யார் என்கிறீர்கள்? மிக் ஜாகரும் கீத்தும் பொறுப்பை டிரம்ஸ்காரர் சார்லி வாட்ஸிடம் விட்டார்கள். சார்லி கண்ணை மூடிக்கொண்டு ஜாஸ்காரரைக் காட்டினார்!

★ காட்டாமல் என்ன செய்வார்? ராக் உலகின் மிகப் பெரிய குழுவில் வாசித்துக்கொண்டே மனசு முழுக்க ஜாஸை வைத்திருந்தவர் அவர். சாக்ஸபோன் மேதை சார்லி பார்க்கரைப் பறவையாக வரைந்து படப் புத்தகமே போட்டிருக்கிறார்!

★ 1980-களில் தனியாக ஒரு ஜாஸ் ஆர்கெஸ்ட்ராவையே கட்டினார் வாட்ஸ். மேடையில் எத்தனை பேர்? 30-க்கும் மேல்!

★ 2010. டென்மார்க் வானொலியின் பிக் பேண்ட் என்ற பெரிய ஜாஸ் குழுவோடு கோபன்ஹேகனில் மேடையேறினார் வாட்ஸ். 'பெயின்ட் இட் பிளாக்' வாசித்தார். அசல் பாட்டுக்கு டிரம்ஸ் அடித்த அதே கை, ஜாஸுக்கும் அடித்தது! ஆல்பம் வெளியானது 2017-ல். ஏழு ஆண்டு காத்திருப்பு!

★ ஸ்டோன்ஸ் மேடைகளில் கீபோர்டு வாசிப்பவர் சக் லெவெல். அவரும் சும்மா இருக்கவில்லை. ஜெர்மனியின் ஃபிராங்ஃபர்ட் வானொலி பிக் பேண்டோடு சேர்ந்து 'ஹாங்கி டாங்க் விமன்' பாட்டை ஊதித் தள்ளிவிட்டார். ஆல்பம் வந்தது 2018-ல்!

★ அதே லெவெலுக்கு இன்னொரு தொழிலும் உண்டு. மரம் வளர்ப்பு! 1999-ல் அமெரிக்காவின் தலைசிறந்த மர விவசாயி விருது அவருக்கும் அவர் மனைவிக்கும்தான்!

★ பெர்னார்ட் ஃபௌலர். 1989 முதல் ஸ்டோன்ஸ் மேடைகளில் மிக் ஜாகருக்குப் பின்பாட்டு. 2019-ல் தனி ஆல்பம் போட்டார். எல்லாம் ஸ்டோன்ஸ் பாட்டுகள். ஆனால் ஒன்றைக்கூடப் பாடவில்லை. தாளத்தின் மேல் வசனமாகவே பேசிவிட்டார்!

★ 1981 அமெரிக்கச் சுற்றுப்பயணம். ஸ்டோன்ஸ் மேடையில் இரண்டு வாட்ஸ்! டிரம்ஸில் சார்லி வாட்ஸ். சாக்ஸபோனில் ஜாஸ்காரர் எர்னி வாட்ஸ். இரண்டு பேருக்கும் சொந்தபந்தம் எதுவும் கிடையாது!

★ அதே 1981-ல் வந்த 'டாட்டூ யூ' ஆல்பம். 'வெயிட்டிங் ஆன் எ ஃபிரெண்ட்' பாட்டில் உருகுகிறதே ஒரு சாக்ஸபோன், அது ஜாஸ் சக்கரவர்த்தி சன்னி ராலின்ஸ். அட்டையில் பெயர் போட்டார்களா? போடவில்லை!

★ இன்னும் கேளுங்கள். பிறகு ஒரு நாள் சூப்பர் மார்க்கெட்டில் ஒரு பாட்டு ஒலித்தது. 'யாரப்பா இது, கேட்ட மாதிரி இருக்கிறதே' என்று யோசித்தார் ராலின்ஸ். வாசித்தவர் அவரேதான்!

★ 1997-ல் 'ஹவ் கேன் ஐ ஸ்டாப்' பாட்டுக்கு சாக்ஸபோன் யார்? மைல்ஸ் டேவிஸ் குழுவின் வேய்ன் ஷார்ட்டர். ஸ்டோன்ஸ் கதவைத் தட்டாத ஜாஸ் ஜாம்பவான் யார்தான் மிச்சம்?

போவியின் ஆட்கள்

★ 1972. டேவிட் போவி குழுவுக்குப் பியானோ தேர்வு. வந்தவர் நியூயார்க் ஜாஸ்காரர் மைக் கார்சன். போவி யார் என்றே அவருக்குத் தெரியாது! வாசிக்க ஆரம்பித்துப் பத்து நொடிகூட ஆகவில்லை. வேலை உறுதி!

★ எட்டு வாரத்துக்கு என்றுதான் எடுத்தார்கள். 2006-ல் போவி கடைசியாகப் பொதுமேடையில் பாடினாரே, அன்றும் பியானோவில் கார்சன்தான். 34 ஆண்டு கழித்து!

★ 'அலாதீன் சேன்' பாட்டின் பியானோ தனியாவர்த்தனம் கேட்டிருக்கிறீர்களா? முதலில் ப்ளூஸ் வாசித்தார். போவி வேண்டாம் என்றார். லத்தீன் பாணியில் வாசித்தார். அதுவும் வேண்டாம். கடைசியில் கட்டவிழ்த்து விட்ட ஜாஸ். ஒரே டேக்கில் ஓகே!

★ அதே கார்சன் 2011-ல் 'தி போவி வேரியேஷன்ஸ்' வெளியிட்டார். போவி பாட்டுகளைத் தன் பியானோவில் தனியாக அலசி எடுத்த ஆல்பம்!

★ 2014 ஜூன். நியூயார்க்கில் '55 பார்' என்ற குட்டி நிலவறைக் கூடம். டானி மெக்காஸ்லின் குழு ஜாஸ் வாசித்துக்கொண்டிருக்கிறது. கூட்டத்தில் உட்கார்ந்திருப்பவர் போவி! அந்தக் குழுவையே தன் கடைசி ஆல்பத்துக்குத் தூக்கிவிட்டார்!

★ அந்த ஆல்பம்தான் 'பிளாக்ஸ்டார்'. 2016 ஜனவரி 8-ல், அவருடைய 69-வது பிறந்தநாளில் வெளியானது. இரண்டே நாளில் போவி மறைந்தார். அமெரிக்க ஆல்பம் பட்டியலில் அவர் ஆல்பம் ஒன்று முதலிடம் பிடித்தது அதுதான் முதல் தடவை!

★ அதே ஆண்டு மெக்காஸ்லின் தன் பெயரில் போட்ட ஆல்பம் 'பியாண்ட் நௌ'. அதில் போவியின் இரண்டு பாட்டுகள். இரண்டும் ஜாஸ்!

ஜெனசிஸ், கிரிம்சன், டிலன்

★ ஃபில் காலின்ஸ் பாடகர் என்றுதானே நினைக்கிறீர்கள்? 1996-ல் பிக் பேண்ட் ஒன்றைக் கூட்டிக்கொண்டு கிளம்பினார். தன் பாட்டுகளையும் தன் ராக் குழு ஜெனசிஸின் பாட்டுகளையும் ஜாஸாக்கினார். அவர் போய் உட்கார்ந்த இடம் பின்வரிசை டிரம்ஸ்!

★ அப்படியானால் பாடியவர் யார்? டோனி பென்னெட்! குழுவை நடத்தியவர்? குயின்சி ஜோன்ஸ்! இவர்களுக்குப் பின்னால் டிரம்ஸ் தட்டியவர் காலின்ஸ்!

★ டாரில் ஸ்டூமர். 1978 முதல் ஜெனசிஸ் மேடைகளின் கிட்டார்காரர். ஸ்டோன்ஸின் டாரில் ஜோன்ஸ் போல இவரும் கடைசிவரை உறுப்பினர் ஆகவில்லை. ஆனால் 2000-ல் ஜெனசிஸ் பாட்டுகளைக் குரலே இல்லாமல் தன் கிட்டாரில் புதுசாக வார்த்து 'அனதர் சைட் ஆஃப் ஜெனசிஸ்' என்று வெளியிட்டார்!

★ ஜெனசிஸ் மேடையில் டிரம்ஸ் வாசித்த செஸ்டர் தாம்ப்சன் எங்கிருந்து வந்தார்? ராக் இசைக்காரர் ஃபிராங்க் ஸப்பாவிடம் வாசித்து, ஜாஸ் குழு வெதர் ரிப்போர்ட்டில் வாசித்து, பிறகுதான் ஜெனசிஸ்!

★ ஸ்டூமர் மட்டும் என்ன? அவர் வந்தது ஜாஸ் வயலின்காரர் ஜான்-லூக் போந்தியின் குழுவிலிருந்து!

★ அந்தப் போந்தி ஸப்பாவின் இசையை ஜாஸாக வாசித்து 'கிங் காங்' ஆல்பம் வெளியிட்டது 1970-ல். ஸப்பா குழுவில் சேர்ந்தது 1973-ல். முதலில் ஆல்பம், பிறகுதான் வேலை!

★ எல்டன் ஜானின் 'ஹாங்கி ஷாட்டோ' ஆல்பத்தில் வயலின் கேட்கிறதா? 1972-ல் அங்கேயும் போந்திதான்!

★ ஸப்பா விட்டாரா வயலினை? 1979-ல் 'டச் மீ தேர்' என்ற ஆல்பத்தைத் தயாரித்தார். வாசித்தவர் யார்? சென்னையில் பிறந்து இலங்கையில் வளர்ந்த நம் எல். சங்கர்! ராக் பாடகர் பீட்டர் கேப்ரியலின் 'பேஷன்' ஆல்பத்திலும் ஒலிக்கிறது அவர் வயலின்!

★ சங்கரின் கையிலிருக்கும் இரட்டை வயலினைப் பார்த்திருக்கிறீர்களா? அவரே வடிவமைத்தது. மொத்தம் 10 தந்தி!

★ இயன் வாலஸ். 1971-72-ல் கிங் கிரிம்சன் ராக் குழுவின் டிரம்ஸ்காரர். முப்பது ஆண்டு கழித்து அந்தக் குழுவின் பாட்டுகளையே ஜாஸ் மூவராக வாசிக்கக் கிளம்பினார். பியானோ, பேஸ், டிரம்ஸ். காதைக் கிழிக்கும் '21ஸ்ட் செஞ்சுரி ஸ்கிட்சாய்ட் மேன்' பாட்டில் கிட்டாரே கிடையாது!

★ இரண்டாவது தொகுப்பு வெளிவந்தது 2009-ல். வாலஸ் மறைந்ததோ 2007-ல். அதில் கிரிம்சனின் பழைய சாக்ஸபோன்காரர் மெல் காலின்ஸும் வந்து ஊதியிருக்கிறார்!

★ அதே வாலஸ் 1978-ல் யாரோடு உலகம் சுற்றினார் தெரியுமா? பாப் டிலனோடு! அந்தக் குழுவின் கீபோர்டு, ஜாஸ்காரர் ஆலன் பாஸ்குவா.

★ 39 ஆண்டு கழித்து டிலன் மறுபடி பாஸ்குவாவைத் தேடினார். எதற்கு? 2017-ல் டிலன் பதிவு செய்தாரே நோபல் உரை, அதற்குப் பின்னணிப் பியானோ வாசிக்க!

★ ஜாஸ் பியானோவில் டிலன் பாட்டு எப்போதிருந்து? கீத் ஜாரெட் 'மை பேக் பேஜஸ்' வாசித்த ஆண்டு 1968!

வேலைக்கு வந்த ஜாம்பவான்கள்

★ 1979. ஜோனி மிட்செல் சுற்றுப்பயணத்தின் பக்கவாத்தியப் பட்டியலைப் பாருங்கள். கிட்டார் பாட் மெத்தினி. பேஸ் ஜாகோ பாஸ்டோரியஸ். சாக்ஸபோன் மைக்கேல் பிரெக்கர். கீபோர்டு லைல் மேய்ஸ். அடேங்கப்பா! பின்வரிசை முழுக்க நட்சத்திரம்!

★ அந்த ஜாகோ 1981-ல் தன் ஆல்பத்தில் பீட்டில்ஸின் 'பிளாக்பேர்ட்' வாசித்தார். கூட வந்தது எந்த வாத்தியம்? டூட்ஸ் தீலமன்ஸின் மவுத் ஆர்கன்!

★ அந்தப் பிரெக்கர் வாங்கிக் குவித்த கிராமி எத்தனை? 15!

★ 1985-ல் ஸ்டிங் தன் முதல் தனி ஆல்பத்துக்கு ஆள் எடுத்தார். ஜாஸ்காரர் விண்டன் மார்சாலிஸின் குழுவிலிருந்தே இரண்டு பேரைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார். ஒருவர் விண்டனின் சொந்த அண்ணன் பிரான்ஃபோர்ட்!

★ கிறிஸ் பாட்டர். ஸ்டீலி டான் குழுவுக்கு மேடையிலும் ஸ்டூடியோவிலும் சாக்ஸபோன் ஊதியவர். 2006-ல் தன் ஆல்பத்தில் பீட்டில்ஸின் 'யெஸ்டர்டே'யையும் ரேடியோஹெட்டின் 'மார்னிங் பெல்'லையும் ஜாஸாக்கினார்!

★ அவர் ஊதிய ஸ்டீலி டான் ஆல்பம் 'டூ அகெய்ன்ஸ்ட் நேச்சர்'. 2001-ல் ஆண்டின் சிறந்த ஆல்பம் என்று கிராமி தட்டிக்கொண்டு வந்தது!

★ ஜேம்ஸ் டெய்லர் பாடும்போது பின்னால் வாசித்தவர்கள் ஒன்றுகூடி ஒரு குழு தொடங்கினார்கள். தலைவர், டிரம்ஸ் மன்னர் ஸ்டீவ் காட். 2013-ல் முதல் ஆல்பம். அதிலும் ஒரு ரேடியோஹெட் பாட்டு! 2019-ல் அந்தக் குழுவுக்குக் கிராமி!

ஹெண்ட்ரிக்ஸ் பக்கம்

★ 1969 அக்டோபர். ஜிமி ஹெண்ட்ரிக்ஸிடமிருந்து பால் மெக்கார்ட்னிக்கு ஒரு தந்தி. 'ஆல்பம் பண்ணலாம், பேஸ் வாசிக்க வாருங்கள்' என்று அழைப்பு. கூட யார் யார்? டிரம்பெட் மைல்ஸ் டேவிஸ். டிரம்ஸ் டோனி வில்லியம்ஸ். மெக்கார்ட்னி விடுமுறையில் இருந்தார். எல்லாம் போச்சு!

★ ஜாஸ் மேதை கில் எவன்ஸும் ஹெண்ட்ரிக்ஸும் சேர்ந்து வேலை செய்யத் திட்டம். சந்திப்புக்குச் சில நாள் முன்பு, 1970 செப்டம்பர் 18-ல் ஹெண்ட்ரிக்ஸ் மறைந்தார். எவன்ஸ் விடவில்லை. 1974-ல் ஹெண்ட்ரிக்ஸ் பாட்டுகளை முழு ஆர்கெஸ்ட்ராவோடு வாசித்து ஆல்பமே போட்டார்!

★ அதில் 'வூடூ சைல்' பாட்டின் கிட்டார் பகுதியை எதில் வாசித்தார்கள் தெரியுமா? டியூபாவில்! அந்தப் பெரிய பித்தளைக் குழல்!

பீட்டில்ஸ் ஓட்டப்பந்தயம்

★ 'சார்ஜன்ட் பெப்பர்' வெளியானது 1967 ஜூன் தொடக்கத்தில். அதிலுள்ள 'எ டே இன் தி லைஃப்' பாட்டைக் கிட்டார்காரர் வெஸ் மான்ட்கோமரி ஜாஸாகப் பதிவு செய்தது எப்போது? அதே ஜூனில்!

★ 'அபி ரோடு' வந்தது 1969 செப்டம்பர் 26. ஜார்ஜ் பென்சன் அந்த ஆல்பத்தின் பாட்டுகளை ஜாஸாகப் பதிவு செய்யத் தொடங்கியது அக்டோபரில். ஒரு மாதம்கூடத் தாங்கவில்லை!

★ 'ஒயிட் ஆல்பம்' 1968 நவம்பரில் கடைக்கு வந்தது. பியானோக்காரர் ராம்சி லூயிஸ் அதிலிருந்து 10 பாட்டுகளை எடுத்து, அந்த ஆண்டு முடிவதற்குள் பதிவே செய்து முடித்துவிட்டார்!

★ கவுண்ட் பேஸி ஒரு முழு பீட்டில்ஸ் ஆல்பம் போட்டார், 1966-ல். ஆசை அடங்கவில்லை. பிறகு இன்னொன்றும் போட்டார்!

★ ஜாஸ் ராணி எல்லா ஃபிட்ஸ்ஜெரால்ட். 1968-ல், 51-வது வயதில், சான் ஃபிரான்சிஸ்கோ ஓட்டல் மேடையில் க்ரீம் குழுவின் 'சன்ஷைன் ஆஃப் யுவர் லவ்' பாட்டைப் பாடி அதிரவிட்டார்!

★ சாரா வானின் பீட்டில்ஸ் ஆல்பம் 1981-ல் வந்தது. பக்கவாத்தியம் யார்? டோட்டோ ராக் குழுவின் ஆட்கள்!

★ ஜோயல் ஹாரிசன் என்ற ஜாஸ் கிட்டார்காரர் 2005-ல் ஜார்ஜ் ஹாரிசனின் பாட்டுகளை வாசித்தார். ஆல்பத்தின் பெயர் 'ஹாரிசன் ஆன் ஹாரிசன்'. வேறென்ன வைப்பார்!

★ ஸ்டான்லி ஜோர்டான் இரண்டு கையாலும் தந்தியைத் தட்டியே 'எலினார் ரிக்பி' வாசிப்பார். அந்த ஆல்பம் அமெரிக்க ஜாஸ் பட்டியலின் உச்சியில் உட்கார்ந்திருந்தது 51 வாரம்!

★ பிங்க் ஃபிளாய்டின் 'டார்க் சைட் ஆஃப் தி மூன்' ஆல்பத்தையும் விடவில்லை. பாரிஸில் பிறந்த வியட்நாமிய வம்சாவளிக் கிட்டார்காரர் நுயன் லே, ஜெர்மனியின் வானொலி பிக் பேண்டோடு 2014-ல் அதை ஜாஸாக்கிவிட்டார்!

கடனும் உண்டு!

★ அந்த 'டார்க் சைட்' ஆல்பத்தின் 'பிரீத்' பாட்டில் மயக்குகிற ஒரு கார்ட் (சுரச்சேர்க்கை) உண்டு. பியானோக்காரர் ரிக் ரைட் அதை எங்கே பிடித்தார்? மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஆஃப் ப்ளூ' ஆல்பத்தில்!

★ 1965. பேர்ட்ஸ் குழுவின் சுற்றுப்பயண வண்டியில் திரும்பத் திரும்ப ஓடியவை ஜான் கோல்ட்ரேனும் ரவிசங்கரும். விளைவு, 'எயிட் மைல்ஸ் ஹை' பாட்டு! கோல்ட்ரேன் மட்டும் லேசுப்பட்டவரா? மகனுக்கே ரவி என்று பெயர் வைத்தவர்!

★ 1970 ஏப்ரல், சான் ஃபிரான்சிஸ்கோ. ராக் குழு கிரேட்ஃபுல் டெட்டுக்கு முன்னால் மேடையேறி வாசித்தவர் யார்? மைல்ஸ் டேவிஸ்!

★ டெட் பாட்டுகளை மட்டுமே வாசிக்க ஒரு ஜாஸ் குழு கிளம்பியது. டிரம்ஸில் பில்லி காபம். பெயர் வைத்தார்கள் பாருங்கள்... 'ஜாஸ் இஸ் டெட்'!

நம்ம பெயர், உலக மேடை

★ விஜய் ஐயர். தமிழ்ப் பெற்றோருக்கு அமெரிக்காவில் பிறந்த ஜாஸ் பியானோக்காரர். ஹெண்ட்ரிக்ஸ் புகழாக்கிய 'ஹே ஜோ'வை 2003-ல் மாற்றி அமைத்தார். ஜான் லெனனின் 'இமேஜின்' 2005-ல். இன்று ஹார்வர்டு பேராசிரியர்!

★ 2009-ல் அவர் எடுத்தது எம்.ஐ.ஏ.வின் 'கலாங்'. பாடியவர் ஈழத்துப் பெண். ஜாஸாக்கியவர் தமிழர். கேட்டது உலகம்!

கடைசி வெடி!

★ ஜோனி மிட்செலின் பாட்டுகளை ஜாஸாக்கி ஹெர்பி ஹான்காக் போட்ட ஆல்பம் 'ரிவர்'. 2008 கிராமியில் ஆண்டின் சிறந்த ஆல்பம். ஏமி வைன்ஹவுஸ், கான்யே வெஸ்ட் இருவரும் தோற்றார்கள்! இதற்கு முன் அந்த விருதை ஒரு ஜாஸ் ஆல்பம் வாங்கியது 1965-ல். இடைவெளி எத்தனை? 43 ஆண்டு!